மருத்துவ ஆய்வும் மேற்கோட் கணக்கும்

சென்ற சிறுபோகத்தின்போது எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு கிழமை வரையிற் பாடசாலைக்கு வந்திலன். அவன் தந்தையார் வயல் வரம்பிலே புடையன் பாம்பினால் தீண்டப்பட்டு வைத்தியசாலையிற் கிடந்தார். தெய்வாதீனமாக உயிர் பிழைத்தார். மீண்டு வந்த மாணவன் ஒருநாள் என்னை அணுகி, "சேர், பாம்புக்கடியைப் பற்றி எங்கள் நாட்டு வைத்தியர்களும் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்களாம். அதை வெளிநாட்டார் வாசிப்பார்களா? வாசித்தார்கள் என்று நாங்கள் எப்படி அறிவது?" என வினாவினான்.

வினா சிறிது, விடை சிறிதன்று. யான் மருத்துவம் பயின்றவனல்லன். வெளிவாரியாகப் படித்துக் கலைப் பட்டம் பெற்றவன். ஆயினும், விரிவுரை கேட்கவும் பெரு நூலகத்திற் புகவும் வாய்ப்பின்றிப் படித்த எம்போன்றார்க்கு ஒரு நூலின் அடிக்குறிப்பே அடுத்த நூலுக்கு வழிகாட்டியாயிருந்தது. ஆகவே, மேற்கோளின் அருமை எமக்குச் சிறிது தெரியும். அத்துணிவு பற்றியே அம்மாணவனுக்குக் கூறியதை விரித்து ஈண்டு எழுதலாயினேன்.

மேற்கோள் என்பது தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. தகடூர் யாத்திரை என்னும் பழைய நூல் முழுவதும் நமக்குக் கிடைத்திலது. புறத்திரட்டுத் தொகுத்தாரும் உரையாசிரியரும் அதிலிருந்து எடுத்தாண்ட செய்யுட்களாலேயே அப்படியொரு நூல் இருந்ததென அறிகின்றோம். முத்தொள்ளாயிரத்தின் கதியும் அதுவே. மருத்துவ ஆய்வாளர் கையாளும் மேற்கோளோ இதனிற் சிறிது வேறுபட்டது. அவர் முன்னோரின் சொற்களை எடுத்தெழுதுவது அரிது. "இவ்வுண்மையை இன்னார் இன்ன ஆண்டில் இன்ன சஞ்சிகையில் நிறுவியுள்ளார்" என்று சுட்டிவிட்டு, அச்சுட்டுக்களையெல்லாம் கட்டுரையின் இறுதியில் ஒரு நிரலாகத் தருவர். அந்நிரல் கடன்பட்டோன் எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டுப் போன்றது. யாரிடம் எதனைப் பெற்றேன் என்பதற்கான எழுத்துச் சான்று.

இச்சீட்டுக்களை எவ்வாறு கணக்கிடுவது என்பதை விளங்கிக்கொள்ள நமது வயல்வெளிக்கே செல்வோம். குளக்கோட்டன் கட்டினான் என்று நம்மவர் வழிவழியாகச் சொல்லும் கந்தளாய்க் குளத்து நீரே தம்பலகாமத்து வயல்களுக்கு வருகின்றது. ஒருவன் தன் வயலில் நின்றுகொண்டு, இந்நீர் எங்கிருந்து வந்தது என அறிய விரும்பினால், வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்தாற் போதும், மதகைக் காண்பான். ஆனால் மதகடியிலே நிற்கும் ஒருவன், இங்கிருந்து சென்ற நீர் எவ்வெவ் வயல்களிற் பாய்ந்தது என அறிய விரும்பினால், எளிதில் அறிய இயலாது. யாரேனும் ஒருவர் எல்லா வயல்களுக்கும் சென்று, ஒவ்வொன்றின் நீரும் எங்கிருந்து வந்ததென விசாரித்து, அவ்விசாரணையைத் தலைகீழாக்கி எழுதி வைத்திருத்தல் வேண்டும். கட்டுரையின் இறுதியிலுள்ள நிரல் மேல்நோக்கி நடப்பதற்கு உதவுவது. கீழ்நோக்கி நடப்பதற்கு உதவுவதே மேற்கோட் சுட்டி.

இதனை விஞ்ஞானிகளுக்கு முன்னரே பயன்படுத்தியோர் வழக்கறிஞராவர். அமெரிக்க நாட்டிலே பிராங் ஷெப்பாட் என்பார் 1873ஆம் ஆண்டு தொடக்கம், ஒரு வழக்கின் தீர்ப்புப் பின்னைய வழக்குக்களில் எங்கெங்கு எடுத்தாளப்பட்டது, எங்கே தள்ளப்பட்டது என்பதை நிரற்படுத்தி வெளியிட்டார். முன்னைத் தீர்ப்பு இன்னும் செல்லுமா என்பதை அறியாது வழக்காட முடியாதன்றோ! இயூஜின் காபீல்ட் என்னும் அமெரிக்கர் இம்முறையை விஞ்ஞானத்துக்கும் கொணரலாம் என 1955இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். பின்னர் பிலடெல்பியாவில் அவர் நிறுவிய நிலையம், 1961ஆம் ஆண்டில் வெளிவந்த 613 சஞ்சிகைகளை ஆராய்ந்து, அவற்றிலுள்ள 14 இலட்சம் மேற்கோள்களைத் தலைகீழாக்கி முதலாவது விஞ்ஞான மேற்கோட் சுட்டியைத் தந்தது. இன்று அவ்வேலையைக் கணினிகள் செய்கின்றன. 2004ஆம் ஆண்டு தொடங்கிய கூகிள் ஸ்கொலர் என்னும் தேடு கருவியைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் நமது மாணவனும் மதகடியில் நின்று வயல்களைக் காணும் காலம் இது.

இனி, அவன் கேட்ட பொருளுக்கு வருவோம். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் உள்ளது. அப்பீடத்தைச் சேர்ந்த அனுராதனி கஸ்தூரிரத்ன, ராஜித விக்கிரமசிங்க, நிலந்தி டி சில்வா, பத்மேஸ்வரன், ஜானக டி சில்வா முதலியோர், இலிவர்ப்பூலைச் சேர்ந்த டேவிட் லலூ முதலிய வெளிநாட்டாருடன் கூடி, உலகம் முழுவதிலும் பாம்புக்கடியால் விளையும் கேட்டினை மதிப்பிட முற்பட்டனர். எந்த நாட்டில் எத்தனை பேர் கடியுண்டனர் என்னும் செய்தி பல சஞ்சிகைகளிலும் மரணப் பதிவுகளிலும் சிதறிக் கிடந்தது. பல நாடுகளில் அதுதானும் இல்லை. அவர்கள் கிடைத்தவற்றைத் திரட்டி, உலகை 21 பிரதேசங்களாக வகுத்துக் கணித்தனர். ஆண்டுதோறும் குறைந்தது 4,21,000 பேர் உடலில் விடம் ஏறுகின்றது. 20,000 பேர் இறக்கின்றனர். உயர்ந்த மதிப்பீட்டின்படி, விடமேறுவோர் 18,41,000 பேராகவும் இறப்போர் 94,000 பேராகவும் இருத்தல் கூடும். இக்கட்டுரை 2008ஆம் ஆண்டு நவம்பரில் 'பிளொஸ் மெடிசின்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. அச்சஞ்சிகை வாசகரிடம் பணம் பெறுவதில்லை. இது சிறிய செய்தியன்று. பணம் கொடுத்தே படிக்கவேண்டிய சஞ்சிகையாயின், பாம்புக்கடி மிகுந்த ஏழை நாடுகளின் வைத்தியர்க்கு அது எட்டாக்கனியாயிருந்திருக்கும்.

இக்கட்டுரையை மேற்கோளாகக் காட்டிய பின்னைய எழுத்துக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. ராகமையிற் புறப்பட்ட நீர் பிரேசிலிலும் ஆபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பாய்ந்திருக்கின்றது. 'வெளிநாட்டார் வாசிப்பார்களா?' என்ற வினாவுக்கு இதுவே நேர்விடை.

ஆனால் அவ்விடையுடன் நின்றுவிடலாகாது. எண்ணைக் கண்டு மகிழ்வதனினும், அவ்வெண்ணிக்குள் இருக்கும் கட்டுரைகள் சிலவற்றையேனும் திறந்து பார்த்தல் நன்று. சான்றாக, 2011இல் இந்தியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அவ்வாய்வினர் வைத்தியசாலைப் பதிவுகளை நம்பாது, மரணம் நிகழ்ந்த வீடுகளிலே விசாரித்தறிந்த செய்திகளைக் கொண்டு, 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் மாத்திரம் 45,900 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என மதிப்பிட்டனர். உலகம் முழுமைக்கும் களனியார் கூறிய தாழ்ந்த மதிப்பீட்டைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட தொகை இது! 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் இறந்தோர் 12 இலட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 எனக் கூறியது. இவை களனியாரின் கணக்கைத் திருத்துவன. எனினும் கணிப்பொறிக்குப் புகழ்தலும் திருத்தலும் ஒன்றே. இரண்டையும் ஒவ்வொன்றாகவே எண்ணும். எமது கருத்தில், திருத்துவதற்காக எடுத்தாளப்படுதல் ஓர் ஆய்வுக்கு இழிவன்று. முதலில் ஒருவர் துணிந்து ஓர் எண்ணை நிறுத்தினாலன்றி, மற்றொருவர் அதனோடு மாறுபட இயலுமா?

மறுதலையாக, இழிவான காரணத்தால் எண்ணிக்கை பெருகுவதும் உண்டு. 1998ஆம் ஆண்டு 'லான்செற்' சஞ்சிகையில் வேக்பீல்ட் என்பாரும் பிறரும் 12 சிறுவர்களைக் குறித்து எழுதிய கட்டுரை, சின்னமுத்துத் தடுப்பூசிக்கும் ஓட்டிசம் என்னும் குறைபாட்டுக்கும் தொடர்பிருக்குமோ என்ற அச்சத்தை உலகெங்கும் பரப்பியது. அது பிழையென நிறுவப்பட்டு, 2010இல் அச்சஞ்சிகையே அதனை மீளப்பெற்றது. ஆயினும் அது மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று. எடுத்தாண்டோரிற் பெரும்பாலார் அதனை மறுப்பதற்கே எடுத்தாண்டனர்.

இன்னுமொரு விநோதம் கேண்மின். இருபதாம் நூற்றாண்டிலே மிகுதியாக எடுத்தாளப்பட்ட விஞ்ஞானக் கட்டுரை ஐன்ஸ்டைனுடையதன்று. பெனிசிலினைக் கண்ட பிளெமிங்குடையதுமன்று. ஒரு கரைசலிற் புரதம் எவ்வளவு உளதென அளக்கும் முறையொன்றை விளக்கி, 1951இல் ஒலிவர் லௌறி என்பாரும் துணைவரும் எழுதிய கட்டுரையே அது. 2014ஆம் ஆண்டளவில் அது 3 இலட்சம் முறைக்கு மேல் எடுத்தாளப்பட்டிருந்தது. அது தமது சிறந்த ஆக்கமன்று என்று லௌறியே ஒப்புக்கொண்டார். ஆய்வுகூடங்கள்தோறும் புரதத்தை அளக்கவேண்டியிருந்தமையால் அளந்தோரெல்லாம் அவர் பெயரைச் சுட்டினர், அவ்வளவே. அடுக்களையில் எல்லாக் கறிக்கும் உப்பு வேண்டியிருப்பதனால் உப்பே தலையாய உணவாகிவிடுமா?

நமது பக்கத்திலும் இத்தகையதொரு கட்டுரை உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் அக்காலச் சென்னை மாகாணத்திலிருந்த பீமாவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்று ஹாவாட் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தவர். அங்கே சைறஸ் பிஸ்க் என்பாருடன் கூடி, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையொன்றைக் கண்டார். 1925இல் வெளிவந்த அக்கட்டுரை பல்லாயிரம் முறை எடுத்தாளப்பட்டுள்ளது. உயிரிரசாயனம் கற்றோர் 'பிஸ்க்-சுப்பாராவ் முறை' என இன்றும் கூறுவர். சுட்டியின் கண்கொண்டு பார்த்தாற் சுப்பாராவின் பெருமை இம்முறையே.

ஆனால் அவர் 1940இல் லெடலி ஆய்வுகூடத்தை அடைந்தபின் செய்வித்த பணிகளை நோக்குக. போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது அவர் தலைமையிலான குழு. அதன் வழிவந்த அமினோப்தெரின் என்னும் மருந்தைக் கொண்டே 1948இல் பொஸ்தன் நகரத்து வைத்தியர் சிட்னி பாபர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிறிது காலமேனும் நோய் தணியச் செய்யலாம் எனக் காட்டினார். யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்காபமசின் என்னும் மருந்தும் 1947இல் அவ்வாய்வுகூடத்திலிருந்தே வந்தது. சுப்பாராவ் 1948இல் மறைந்தார். அம்மருந்து மறையவில்லை. நமது நாட்டில் 2002 முதல் 2006 வரையில், யானைக்கால் நோய் நிலவிய மேல், தென், வடமேல் மாகாணங்களிலே வீடுவீடாக மக்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்பட்ட மாத்திரைகளுள் ஒன்று அதுவே. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் யானைக்கால் நோயை ஒழித்த நாடு இலங்கை என 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாத்திரையை விழுங்கிய இலட்சக்கணக்கானோருள் எவரும் கட்டுரை எழுதி இறுதியிற் சுப்பாராவின் பெயரைச் சுட்டியவரல்லர். கால் வீங்காமலிருந்தது, அதுவே அவர்கள் எழுதிய மேற்கோள். அதனை எண்ணும் சுட்டி எங்கே?

இங்கேதான் நுணுகி நோக்கவேண்டிய செய்தி உளது. மேற்கோட் கணக்கு ஓர் ஆய்வு எழுதுவோரிடத்தே எவ்வளவு சென்றது என்பதை அளக்கும். நோயாளியிடத்தே எவ்வளவு சென்றது என்பதை அது அளப்பதில்லை. எழுதுவோர் மிகுந்த துறையில் மேற்கோள் மிகும். குறைந்த துறையிற் குறையும். புற்றுநோயை ஆராய்வோர் உலகிற் பல்லாயிரவர். செல்வ நாடுகளின் பணமும் அங்கே செல்கின்றது. வயலிற் பாம்பு தீண்டப்பெற்றவனை ஆராய்வோர் எத்தனை பேர்? ஆகவே புற்றுநோய்க் கட்டுரையின் எண்ணையும் பாம்புக்கடிக் கட்டுரையின் எண்ணையும் அருகருகே வைத்து, முன்னது பெரிது என்று தீர்ப்பது, நெல்லையும் மிளகையும் ஒரே மரைக்காலால் அளந்து விலை கூறுவது போலாம். ஒரு துறையின் கட்டுரையை அத்துறையில் அதே ஆண்டில் வெளிவந்தவற்றோடு ஒப்பிடுதலே முறை. அறிந்தோர் இன்று அவ்வாறே செய்கின்றனர். அறியாதோர் கையில் இவ்வெண் அகப்பட்டால், பதவியுயர்வு, பணவுதவி எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கும். இளம் வைத்தியன் ஒருவன் ஊரார் நோயை விட்டுவிட்டு எண்ணிக்கை பெருகும் நோயைத் தேடிச் செல்லும்படி நேரிடும். இது வெறும் நூற்கல்வித் தர்க்கமன்று. எந்நோய் ஆராயப்படும், எந்நோய் கைவிடப்படும் என்பது இதிற் கட்டுண்டு கிடக்கின்றது.

எண்ணைச் செப்பஞ்செய்ய முயன்றோரும் உளர். ஜோர்ஜ் ஹேர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் 2005இல் எச்-சுட்டெண் என ஒன்றை வகுத்தார். ஒருவர் எழுதிய ஆறு கட்டுரைகள் முறையே 25, 12, 9, 4, 3, 1 தடவை எடுத்தாளப்பட்டன எனக் கொள்வோம். நான்கு தடவைக்குக் குறையாது எடுத்தாளப்பட்டவை நான்கு. ஐந்து தடவைக்குக் குறையாதவை ஐந்து இல்லை. ஆகவே அவரது சுட்டெண் நான்கு. ஒரே கட்டுரையாற் புகழ் பெற்றவரையும் தொடர்ந்து உழைப்பவரையும் பிரித்தறிய இது உதவும் என்பர். ஆனால் முதற் கட்டுரை 25 தடவைக்குப் பதிலாக 10,000 தடவை எடுத்தாளப்பட்டிருப்பினும் சுட்டெண் நான்குதான்! இளையோர்க்கு இது என்றும் சிறிதாகவே இருக்கும். முதியோர்க்கு வாளாவிருந்தாலும் வளரும். சஞ்சிகைகளை ஒப்பிடுவதற்கென வகுத்த 'தாக்கக் காரணி' என்னும் எண்ணையும் ஆட்களை அளப்பதற்குப் பயன்படுத்தினர். அது தகாது என 2012இல் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய சஞ்சிகை ஆசிரியர்கள் பிரகடனஞ் செய்தனர்.

பெயரால் வரும் இடரைத் தமிழர் சிறப்பாக அறிந்துகொள்ளல் வேண்டும். மேல்நாட்டார் இறுதியில் வரும் பெயரைக் குடும்பப் பெயர் எனக் கொள்வர். நம்முள் கந்தசாமியின் மகன் சிவலிங்கம், 'க. சிவலிங்கம்' என ஓரிடத்தும் 'சிவலிங்கம் கந்தசாமி' என மற்றோரிடத்தும் எழுதினால், சுட்டியில் அவர் இருவராவார். இரண்டாம் வரிசையில் தந்தையின் பெயராற் பாராட்டப்படுவார்! ஆங்கில எழுத்திலே ஒரே பெயரை மூவகையாக எழுதும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மணமானபின் பெயரை மாற்றிக்கொள்ளும் பெண் ஆய்வாளர் முன்னர் எழுதியவற்றை இழந்தவர் போலாவர். இவ்விடரை நீக்கவே 2012 முதல் ஓர்க்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் ஆய்வாளர்க்கு வழங்கப்படுகின்றது. ஆய்வுத் துறையிற் புகும் நமது மாணவர் முதற் கட்டுரையிலேயே ஒரு பெயரைத் தெரிந்து இறுதிவரை மாற்றாதிருத்தல் நன்று.

சுட்டியில் ஏறாமலே பரந்த பணிக்கு நமது நாட்டிலேயே பெருஞ் சான்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அத்தமிழ் நூல்கள் மருத்துவச் சஞ்சிகைகளின் மேற்கோள் நிரலில் இடம்பெறுவனவல்ல. அதனால் அவை சென்றடைந்த மக்கள் இல்லையென்றாகுமா? நுளம்பே மலேரியாவைக் கடத்துகின்றது என்பதை 1897இற் கண்ட றொணல்ட் றொஸின் கட்டுரையையும் இன்று மலேரியாவைப் பற்றி எழுதுவோர் சுட்டுவது அரிது. எல்லாரும் அறிந்த உண்மையாகிவிட்டபின் அதற்குச் சான்று கேட்பார் யார்?

மீண்டும் பாம்புக்கடிக்கு வருவோம். களனியார் தமது 2008ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, தம் எண் உண்மையிலும் குறைந்ததாகவே இருத்தல் கூடும் என எச்சரித்திருந்தனர். கடியுண்டோர் பலர் விஷகடிப் பரிசாரியாரிடம் செல்கின்றனர். சிலர் வழியிலே இறக்கின்றனர். இவர்கள் வைத்தியசாலைப் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஆதலால் டிலீப எதிரிவீர, கஸ்தூரிரத்ன, பத்மேஸ்வரன் முதலியோர் நமது ஒன்பது மாகாணங்களிலும் கிராம சேவையாளர் பிரிவுகளைச் சீட்டுக் குலுக்கியது போலத் தெரிந்து, வீடுவீடாகச் சென்று விசாரிக்கச் செய்தனர். 44,136 வீடுகள், 1,65,665 பேர், நாட்டு மக்களுள் நூற்றுக்கு 0.8 வீதம். பன்னிரண்டு மாதத்தில் இலங்கை முழுவதிலும் 80,000க்கு மேற்பட்டோர் பாம்பினாற் கடியுண்டனர், அவருள் ஏறக்குறைய 30,000 பேர்க்கு விடமேறியது, 400க்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. பதிவேட்டை நம்பியிராது படலையைத் தட்டியதனாலேயே இவ்வெண் கிடைத்தது. மேற்கோட் சுட்டியும் ஒரு பதிவேடே. அதிலேறாதவற்றை அறிய நாமும் படலையைத் தட்டத்தான் வேண்டும்: அரசாங்கச் சுற்றறிக்கைகளில், வைத்தியசாலைகளின் சிகிச்சை விதிகளில், மருந்து வாங்கும் பட்டியல்களில் ஓர் ஆய்வு எங்கே நுழைந்துள்ளது என்று தேடவேண்டும். பாம்புக்கடி 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2018இல் உலகச் சுகாதார மன்று அதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. பாம்புக்கடியால் வரும் இறப்பையும் ஊனத்தையும் 2030க்குள் அரைவாசியாகக் குறைப்பதென 2019இல் திட்டமும் வகுக்கப்பட்டது. இவற்றிற்கு முன்னர்த் திரண்டு நின்ற சான்றுகளுள் ராகமையிலிருந்து சென்ற அவ்வெண்களும் அடங்கும்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன் அன்று மாலையே தன் தொலைபேசியில் அக்கட்டுரையைத் தேடியெடுத்தான். அதனை எடுத்தாண்டவற்றின் நிரலைப் பார்த்தவாறே நெடுநேரம் இருந்தான். பின்னர், "சேர், என் அம்மப்பாவும் பாம்பு கடித்துத்தான் செத்தவர். பரிசாரியார் வீட்டில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அவர் எந்தக் கணக்கில் வருவார்?" என்றான். எந்த ஆண்டு என்று கேட்டேன். தாயாரைக் கேட்டு வந்து சொல்வதாகக் கூறிச் சென்றான்.